தூரத்துக் கடிகாரம்

“பொத்தானை பஸ்ஸுல போட்டுக்கலாம். முதல்ல செருப்புல காலை விடுங்க.”

அவள் கணவர் வாசலில் ஒரு காலில் செருப்போடு நின்றுகொண்டு மற்ற செருப்பைக் காலால் துழாவினார். அது நாலு விரற்கடை தள்ளித்தான் கிடந்தது. அவர் கண்ணுக்கு அது இல்லை. அவள் குனிந்து அதை அவர் பாதத்துக்குக் கீழே தள்ளினாள். ஒரு கையில் ஆஸ்பத்திரிக் கோப்பு, மறு கையில் சாவிக்கொத்து, தோளில் பை.

“நாலு மணிக்குன்னுதானே சொன்னே?”

“நாலு மணிதான்.”

“இப்பதானே ஒரு மணிச் செய்தி முடிஞ்சுது.”

“சிஸ்டர் போன் பண்ணிட்டாங்க. டாக்டர் வர இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருக்காம். வாங்க.”

“அப்ப உன் கணக்கு தப்பா?”

அவள் சாவிக்கொத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு பையின் வாயை மூடினாள். கதவைப் பூட்டி, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். தெருமுனைக்கு வந்த பிறகுதான் கைபேசியை ஃப்ரிட்ஜ் மேலேயே வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போக நேரமில்லை.

பஸ் நிறுத்தத்தில் யாருமில்லை. அவர் காதைச் சாய்த்து நின்றார்.

“பதறாதே. சிக்னல் தாண்டிடுச்சு. ரெண்டாவது கியர் முனகுது பாரு, நம்ம பழைய வண்டிதான்.”

இருபத்தேழு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். இரண்டு வருஷமாக ஓட்டவில்லை. வண்டி வந்து நின்றதும் ஓட்டுநர் இருக்கையிலிருந்து குரல் வந்தது.

“அண்ணே! மெதுவா ஏறுங்க. அண்ணி, அந்தக் கம்பியைப் பிடிச்சுக்குங்க. ஆஸ்பத்திரியா?”

“அவளுக்குத்தான் அவசரம். எனக்கென்ன, நான் பயணி.”

“எத்தனை மணிக்கு அண்ணி?”

மணியக்காவுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. ஊரில் வேறு யாரைக் கேட்டாலும் பரவாயில்லை. அவளையா அப்படிக் கேட்க வேண்டும்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கண் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் மணியக்கா. அங்கே இரண்டாவது மாடியின் கோடியில் ஓர் அறை இருக்கிறது. ஒரு மேஜை, ஒரு பெரிய திரை, ஒரு காமிரா, நோயாளி உட்கார ஒரு நாற்காலி, அவள் உட்காரச் சக்கரம் வைத்த ஒரு நாற்காலி. இங்கே தீர்வு கிடைக்காத கண்களை வெகு தூரத்தில் இருக்கும் ஒரு டாக்டர் மாதம் ஒரு முறை அந்தத் திரையில் வந்து பார்ப்பார். அங்கே காலை எட்டு மணிக்கு வருவார். அரை மணி நேரம். பிறகு தன்னுடைய அன்றைய அறுவை சிகிச்சைக்குப் போய்விடுவார். அவரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் எட்டு மணி டாக்டர் என்றார்கள். யாரை எப்போது அவர் முன்னால் உட்கார வைப்பது என்று முடிவு செய்து வரவழைப்பதுதான் மணியக்காவின் வேலை.

வேலைக்கு வந்த முதல் வருஷம் அவளுக்குக் கணக்கு சுலபமாக இருந்தது. அங்கே காலை எட்டு என்றால் இங்கே மாலை ஐந்து. ஒன்பது மணி நேர வித்தியாசம். நாலு மாதம் அப்படியே ஓடியது. ஒரு மாதம் ஐந்து மணிக்கு ஒரு தாயையும் மகளையும் உட்கார வைத்துத் திரையைப் போட்டால், அங்கே வெறும் நாற்காலி. டாக்டர் நாலு மணிக்கே வந்து, வெறும் அறையைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவருடைய செயலாளர் போனில் பொறுமையாக விளக்கினார். வெயில் காலம் வருகிறது, வெளிச்சத்தைச் சேமிக்க நாங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிக்கொள்வோம், பனிக்காலம் வந்தால் பழையபடி பின்னால் இழுத்துவிடுவோம். மணியக்கா சரி சரி என்று கேட்டுக்கொண்டாள். ஒன்றும் புரியவில்லை. வெளிச்சம் என்ன அரிசியா, டப்பாவில் போட்டு வைக்க?

அன்று வீட்டுக்கு வந்து புலம்பினாள். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“அவங்க தள்ளினா நமக்கென்ன? நம்ம கடிகாரம் அப்படியேதானே இருக்கு?”

“அதான் குழப்பமே. நம்மளது நிக்குது, அவங்களது நகருது.”

“இதுல என்ன குழப்பம்? எங்க டிப்போவுல நடக்குறதுதான். பரீட்சை நேரத்துல பள்ளிக்கூடத்துப் பக்கம் போற பஸ்ஸையெல்லாம் ஒரு மணி நேரம் முன்னாடி விடுவாங்க. மத்த பஸ்ஸு அதே நேரம். என் பஸ்ஸுல வந்து அந்த பஸ்ஸைப் பிடிக்கிறவன், முன்னால கிளம்பி வரணும். அவ்வளவுதான். அவங்க முன்னாடி தள்ளினா நீ முன்னாடி கிளம்பு. பின்னாடி இழுத்தா நீ பின்னாடி கிளம்பு.”

அவ்வளவுதான். ஒரு சட்டையைக் கழற்றி மாட்டும் நேரத்தில் அவர் அதை அவள் தலைக்குள் இறக்கிவிட்டார். பதினோரு வருஷமாக அது இறங்கிய இடத்திலேயே இருந்தது.

மறுவாரம் அவள் கண்ணாடி மூடாத ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கித் தரச் சொல்லி, அறையில் உயரத்தில் மாட்டி, அதில் டாக்டரின் ஊர் மணியை வைத்தாள். அறைக்கு ஒரே ஒரு சட்டம் போட்டாள். எட்டு மணி டாக்டரின் சந்திப்பையெல்லாம் எட்டு மணி என்றே எழுத வேண்டும். யாரும் மனக்கணக்குப் போடக் கூடாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். “ஆளாளுக்குக் கூட்டிக் கழிச்சா ஒருத்தருக்கு விட்டுப் போகும். கடிகாரம் ஒண்ணு இருந்தா ஒரே தப்புதான் வரும்” என்பாள். வருஷத்துக்கு இரண்டு முறை அவளே நாற்காலியில் ஏறி முள்ளைத் திருப்புவாள். இறங்கி வந்து வராந்தாவில் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிப்பாள். ஒரு மணி முன்னால தள்ளியாச்சு. ஒரு மணி பின்னால இழுத்தாச்சு. அதற்குப் பிறகு ஒரு சந்திப்பும் தவறியதில்லை.

கணவரின் கண்ணும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் வந்து சேர்ந்தது. முதலில் வலது கருவிழி உள்ளிருந்து மங்கியது, குளிரில் பஸ் கண்ணாடி மங்குவதுபோல. புதுப் படலம் பொருத்தினார்கள். அதுவும் ஆறே மாதத்தில் மங்கிவிட்டது. இப்போது இடது கண். இதற்கும் பொருத்தலாமா, அல்லது இதுவும் அதே வழியில் போகுமா என்று அங்கே அவரைப் பார்க்கும் டாக்டரம்மாவால் சொல்ல முடியவில்லை. “எட்டு மணி டாக்டர் ஒரு தடவை பாக்கட்டும். அவர் செய்யலாம்னு சொன்னா நான் செய்யறேன்” என்றார். இன்றைய அரை மணி நேரத்தைக் கணவருக்கென்று ஒதுக்கியதும் டாக்டரம்மாதான். இதற்கப்புறம் எட்டு மணி டாக்டர் நீண்ட விடுப்பில் போகிறார். திரும்பி வர ஏழெட்டு மாதம் ஆகும். அதுவரை அந்தக் கண் தாங்காது என்று டாக்டரம்மா கோப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மணியக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

பஸ்ஸில் அவள் விரல் மடக்கினாள். அங்கே எட்டு. பனிக்காலமென்றால் இங்கே ஐந்து. நேற்று ஞாயிறு, தள்ளிவிட்டார்கள். ஆகவே நாலு. திசையை மாற்றிப் போட்டுவிட்டோமோ என்றால் ஆறு வருகிறது. எப்படிப் போட்டாலும் இரண்டு வரவில்லை. ஆனால் சிஸ்டர் போனில் தெளிவாகச் சொன்னாள்.

“கடிகாரத்தைத் தள்ளியாச்சு அக்கா. தள்ளின கடிகாரத்தைப் பாத்துத்தான் சொல்றேன். ஏழேகால். எங்க இருக்கீங்க நீங்க?”

இன்றைக்கு மணியக்கா விடுப்பு. நோயாளியின் மனைவியாக மட்டும் வருவது என்று முடிவு செய்திருந்தாள். மூன்று மணிக்கு வந்து முதல் வேலையாக ஏறிக் கடிகாரத்தைத் தள்ளிவிடுகிறேன் என்று சனிக்கிழமையே சிஸ்டரிடம் சொல்லியிருந்தாள். யாரோ தள்ளிவிட்டார்கள், நல்லது. ஆனால் தள்ளின கடிகாரமே ஏழேகால் காட்டுகிறதென்றால்? ஊராருக்கெல்லாம் பதினோரு வருஷம் சரியாகப் போட்ட கணக்கு, சொந்த வீட்டுக்கு என்றதும் பிசகிவிட்டதா? ஒரு மாதமாகத் தூக்கமில்லை. உப்புக்குப் பதில் சர்க்கரை போட்ட நாளும் உண்டு. யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் இந்த ஒரு நாளா?

“என்ன, வாய்க்குள்ளேயே எண்ணிட்டு வர்றே?”

“ஒண்ணுமில்ல.”

“நான் பஸ் ஓட்டினப்ப நீ ஒரு நாளும் என் பக்கத்துல வந்து பிரேக்கை மிதிக்கல. இப்ப இந்த வண்டி என் கையிலயும் இல்ல, உன் கையிலயும் இல்ல. சும்மா உக்காரு.”

ஆஸ்பத்திரி நிறுத்தம் சாலையின் எதிர்ப்பக்கம். வண்டி அங்கே நிற்கவில்லை. முனையில் சுற்றித் திரும்பி, ஆஸ்பத்திரி வாசலோடு ஒட்டி நின்றது. பின்னால் இரண்டு கார்கள் ஒலிப்பானை அழுத்தின.

“ரோடு தாண்ட வேணாம் அண்ணி. இறங்குங்க. அவனுங்க கத்துவானுங்க, கத்தட்டும்.”

அவள் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் கதவு மூடி வண்டி நகர்ந்துவிட்டது.

மாடிப்படி முடியும் இடத்தில் சிஸ்டர் நின்றுகொண்டிருந்தாள். “வாங்க மாமா, வாங்க, வாங்க” என்று அவர் மறுகையைப் பிடித்துக்கொண்டாள். அறைக்குள் படக்காரர் திரையைப் போட்டுத் தயாராக வைத்திருந்தார். கருவிழியைப் படமெடுக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், முன்வழுக்கை, அதிகம் பேசாதவர். டாக்டரம்மாவும் சாப்பாட்டைப் பாதியில் விட்டு வந்திருந்தார். கை கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை.

கடிகாரம் எட்டுக்குப் பத்து நிமிஷம் என்றது.

திரையில் அந்தப் பக்கத்து அறை தெரிந்தது. காலியான நாற்காலி. அதன் பின்னால் ஜன்னல். எட்டு ஆயிற்று. யாரும் வரவில்லை. எட்டு மணி டாக்டர் ஒரு நிமிஷம் பிந்தியதாக யாருக்கும் நினைவில்லை. எட்டேகால் ஆயிற்று. சிஸ்டர் அந்தப் பக்கத்து எண்ணுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“ஏதாவது அவசர ஆபரேஷனா இருக்கும்” என்றார் டாக்டரம்மா.

நோயாளி நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்த அவர் கேட்டார். “அவர் வந்துட்டாரா? எனக்கு எல்லாமே ஒரே மாதிரி தெரியுது.”

“இன்னும் இல்லீங்க.”

“சரி. வரலைன்னா என்ன, இன்னொரு டாக்டர். ஊருல கண்ணு கெட்டவனெல்லாம் செத்தா போயிட்டான்?”

அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மணியக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எதிரே திரை. அவளுக்கு வேறு எங்கும் பார்க்க இடமில்லை. அதையே பார்த்தாள். பதினோரு வருஷமாகப் பார்க்கிற அறை. அந்த நாற்காலியின் கைப்பிடியில் தோல் கிழிந்திருப்பது அவளுக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் உண்டு. இலையுதிர்ந்த மாதங்களில் அதன் கிளைகளுக்கு நடுவே எதிர்க் கட்டிடம் தெரியும். நடுப் பனிக்காலத்தில்கூட எட்டு மணிக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும்.

இப்போது மரம் இல்லை. ஜன்னல் கன்னங்கரேலென்று இருந்தது. மூலையில் மஞ்சளாக ஒரு புள்ளி. தெருவிளக்கு.

“அங்க இன்னும் விடியவே இல்லை” என்றாள் மணியக்கா.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

“எட்டேகாலுக்கு அங்க தெருவிளக்கு எரியாது. சிஸ்டர், இப்ப நம்ம மணி என்ன?”

“ரெண்டேகால் அக்கா.”

“ரெண்டேகாலுன்னா அங்க ஆறேகால். இந்தக் கடிகாரம் ரெண்டு மணி நேரம் முன்னால ஓடுது. யாரு தொட்டது இதை?”

சிஸ்டர்தான் முதலில் பேசினாள்.

“நான்தான் அக்கா. சனிக்கிழமை நீங்க போனதும் ஏறித் தள்ளினேன். ஒரே ஒரு மணிதான். சத்தியமா. போன தடவை நீங்க அந்தச் சக்கர நாற்காலியில ஏறி விழுந்து மணிக்கட்டுல கட்டுப் போட்டுட்டு ஆறு வாரம் இடது கையால எழுதினீங்க. இந்தத் தடவை உங்களை ஏற விடக் கூடாதுன்னு...”

படக்காரர் தொண்டையைச் செருமினார்.

“நேத்து மெஷின் சர்வீஸுக்கு வந்தேன். அக்காவுக்கு நாளைக்கு இருக்கிற கவலையில இது வேற எதுக்குன்னு, நானும் ஒரு மணி...”

“நீங்களுமா?”

“நீ தள்ளினது எனக்கெப்படித் தெரியும்? வெளியில சொன்னா அக்கா காதுக்குப் போயிடும், கூச்சப்படுவாங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லல.”

“அப்ப ரெண்டு மணிதானே ஆகும்? ஒண்ணு சரி, ஒண்ணு தப்பு. இன்னொண்ணு?” என்றார் டாக்டரம்மா. தன்னை யாரும் சந்தேகப்பட்டுவிடக் கூடாது என்பதுபோல இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

வாசலில் துடைப்பக் கட்டையோடு நின்றிருந்த துப்புரவுப் பெரியம்மா உள்ளே வராமலே சொன்னார்.

“எனக்கு மணி பாக்கவே வராதும்மா. பெரிய முள்ளை ஒரு சுத்துச் சுத்தினா ஒரு மணின்னு இந்தப் பொண்ணு வருஷா வருஷம் சொல்லிக்கிட்டே பண்ணும், பாத்திருக்கேன். காலையில துடைக்க வந்தப்போ கட்டையாலேயே ஒரு சுத்து விட்டேன். நாற்காலிகூட வேணாம். என் கட்டை நீளம்.”

முதலில் சிரித்தது நோயாளிதான். நாற்காலி குலுங்க, மங்கிய கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“ஊர் கூடித் தேர் இழுக்கிறது கேட்டிருக்கேன். ஊர் கூடி மணியை இழுத்தது இப்பதான் பாக்குறேன். இன்னும் அஞ்சு பேருக்கு உன் மேல பிரியம் இருந்திருந்தா இன்னிக்குக் காலையில ஒன்பது மணிக்கே வந்து உக்காந்திருப்போம்.”

மணியக்கா சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். சிஸ்டர் பயந்துபோய் முதுகில் கை வைத்தாள். “திட்டுங்க அக்கா. திட்டிடுங்க.”

“எதுக்குடி திட்டணும்? நேரம் போகல. நேரம் இன்னும் இருக்கு.” விரல்களுக்கு நடுவிலிருந்து சொன்னாள். “அது போதும் எனக்கு.”

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து கான்டீனுக்குப் போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தாள். டாக்டரம்மா மிச்சச் சாப்பாட்டை முடிக்கப் போனார்.

பதினோரு வருஷத்தில் அவள் கணவர் அந்த அறைக்குள் வந்தது அன்றுதான். முந்தைய பரிசோதனைகளெல்லாம் கீழ் மாடியோடு முடிந்துவிட்டன. டீயைக் குடித்துவிட்டு மேஜையைக் கையால் தடவிப் பார்த்தார். போன் எங்கே, பேனா எங்கே, அவள் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவாள் என்றெல்லாம் கேட்டார். சக்கர நாற்காலியை ஒரு தள்ளுத் தள்ளினார். அது சுவர் வரை ஓடி முட்டி நின்றது.

“இதுல ஏறியா நின்னே? பிரேக்கே இல்லாத வண்டி இது. லைசென்ஸ் குடுத்தவன் யாரு?”

“நீங்கதான் சொன்னீங்க. அவங்க முன்னாடி தள்ளினா நீ முன்னாடி கிளம்புன்னு.”

“நானா? எப்ப?”

அவருக்கு நினைவே இல்லை. ஒரு சட்டையைக் கழற்றும்போது சொன்ன வார்த்தை. அதை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் எத்தனை பேரைச் சரியான நேரத்துக்கு அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள் என்று அவளும் இதுவரை அவரிடம் சொன்னதில்லை. இன்றைக்குச் சொன்னாள். அவர் தலையைச் சாய்த்து, தூரத்துப் பஸ்ஸைக் கேட்பதுபோலக் கேட்டார்.

“அப்ப சம்பளத்துல பாதி எனக்கு வந்திருக்கணுமே” என்றார்.

படக்காரருக்குச் சும்மா உட்கார வரவில்லை. போன வாரம் எடுத்து அனுப்பிய படங்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒன்றில் நின்றுவிட்டார்.

“சிஸ்டர், இங்க வா. இடது கண்ணு. கீழ் ஓரம் பாரு.”

படத்தின் கீழ்ப்பகுதியில் கருவிழியின் ஓரம் இருக்க வேண்டிய இடத்தில் இமையின் நிழல் விழுந்திருந்தது. படம் எடுத்த கணத்தில் அவர் கண்ணைக் கொட்டியிருக்கிறார். அந்த ஓரம் எவ்வளவு தெளிவு என்பதைப் பார்த்துத்தான் படலம் ஒட்டுமா ஒட்டாதா என்று சொல்ல முடியும்.

“இதை எப்படிங்க விட்டீங்க?”

“அன்னிக்கு வெளியில இருபது பேரு. ஒண்ணொண்ணா எங்க பாத்தேன்? என் தப்புதான்.” அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. “நேரத்துக்கு வந்து உக்காந்திருந்தா, டாக்டர் இதைத் திறந்ததும் ‘ஓரம் தெரியல, மறுபடி எடுத்து அனுப்புங்க’ன்னு சொல்லிட்டு எழுந்து போயிருப்பார்.”

மறுபடி என்றால் ஏழெட்டு மாதம்.

உடனே எடுக்க முடியவில்லை. பஸ் ஜன்னல் காற்றில் கண் வறண்டு சிவந்திருந்தது. சிஸ்டர் சொட்டு மருந்து விட்டு, விளக்கை அணைத்து, கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் சாய்ந்திருக்கச் சொன்னாள். அவர் பத்தே நிமிஷத்தில் குறட்டை விட்டார். பிறகு எழுப்பி, இயந்திரத்தின் முன்னால் மோவாயைப் பொருத்தி, மணியக்கா பின்னாலிருந்து தலையைப் பிடித்துக்கொள்ள, படக்காரர் மூன்று முறை எடுத்தார். மூன்றாவதில் ஓரம் முழுசாக விழுந்தது. அவர் அதை அனுப்பிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “ரெண்டு மணி நேரம் முன்னால வந்தது நல்லதாப் போச்சு” என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

“அதுல ஒரு மணி என்னோடது” என்றார் பெரியம்மா வாசலிலிருந்து.

நாலு மணிக்கு ஜன்னலில் மரம் வந்திருந்தது. இலை இல்லாத கிளைகள், நடுவே எதிர்க் கட்டிடம். நரைத்த தலையோடு எட்டு மணி டாக்டர் வந்து உட்கார்ந்தார், கையில் காப்பிக் கோப்பை. அவர் முதலில் தேடியது மணியக்காவை. அவள் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் படங்களைத் திறந்தார்.

அவர் நிறையக் கேட்டார். டாக்டரம்மா பதில் சொன்னார். மணியக்காவுக்கு அந்த ஊர் மொழி போனில் நேரம் பேசும் அளவுக்குத் தெரியும். இன்று ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. அவள் கணவரின் கையைப் பிடித்திருந்தாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பேறிய கை. காய்ப்பு இப்போது மென்மையாகி வருவதை அன்றுதான் கவனித்தாள்.

டாக்டரம்மா திரும்பினார். இந்தத் தடவை மணியக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

“செய்யலாம்னு சொல்றார். ஓரம் நல்லா இருக்காம், அதனால ஒட்டுமாம். ஆனா தள்ளிப் போடக் கூடாது, ரெண்டு வாரத்துக்குள்ள செய்யணும்கிறார். நான் செய்யறப்ப அவர் திரையில கூட இருப்பார். விடுப்புக்குப் போறதுக்கு முந்தின நாள்.” நோயாளியின் பக்கம் திரும்பினார். “பழைய பார்வை முழுசா வராது. பஸ் ஓட்ட முடியாது. பேப்பர் படிக்கலாம். தனியா ரோடு தாண்டலாம். முகம் தெரியும்.”

“யார் முகம்?”

“பக்கத்துல உக்காந்திருக்காங்களே, அவங்க முகம்.”

“அதுவா?” என்றார் அவர். “அப்ப கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்.”

அவள் அவர் கையை ஓங்கி ஓர் அடி அடித்தாள். திரையில் எட்டு மணி டாக்டர் எதற்கு அடி என்று தெரியாமல் சிரித்தார். அவள் அவரை நோக்கி எழுந்து நின்று கைகூப்பினாள். அப்படியே திரும்பி சிஸ்டரை, படக்காரரை, வாசலில் நின்ற பெரியம்மாவை. டீ ஆறிப்போன தம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மணியக்கா வழக்கம்போல ஒன்பது மணிக்கு வந்தாள். படக்காரர் கிடங்கிலிருந்து அலுமினிய ஏணியைக் கொண்டுவந்து ஏறினார். அவள் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள். முள்ளை இரண்டு மணி நேரம் பின்னால் திருப்பியாயிற்று. ஓர் அட்டையில் ஒரு பக்கம் ‘தள்ளியாச்சு’ என்றும் மறுபக்கம் ‘இன்னும் இல்லை’ என்றும் எழுதி, கயிறு கட்டிக் கடிகாரத்துக்குக் கீழே தொங்கவிட்டார்கள். பெரியம்மாவுக்குப் படிக்க வராது என்பதால் சிஸ்டர் ‘தள்ளியாச்சு’ பக்கத்தில் சிவப்பாக ஒரு வட்டம் போட்டாள். காலையிலேயே கணவரின் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். பலகையில் அதை எட்டு மணி என்று எழுதினாள். வேறு மூன்று நோயாளிகளுக்குப் போன் செய்து டாக்டரம்மாவைப் பார்க்க அடுத்த வாரம் வரச் சொன்னாள். மதியம் மழை பெய்தது. சாயங்காலம் அதே பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள். ஓட்டுநர் என்ன ஆச்சு அண்ணி என்று கேட்டார். சொன்னாள். வீட்டில் அவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். சாதம் வைத்து, குழம்பைச் சுட வைத்து, இருவரும் சாப்பிட்டார்கள். குழம்பில் உப்பு சரியாக இருந்தது.